வாட்டத்தை மாற்றிக் கொடுத்த மனைப்பிரிவு: டேவிஸ் ‘வில்லேஜ் ஹோம்ஸ்’ – ஒரு நிகழ்வு ஆய்வு

நடந்து போக வசதியான புறநகர்க் குடியிருப்பு என்றால் பேச்சு பூங்காவில்தான் தொடங்கும். எத்தனை ஏக்கர் பூங்கா, எவ்வளவு நீளத்துக்கு நடைபாதை, எத்தனை மரம் என்று. இங்கே எடுத்துக்கொண்ட குடியிருப்பில் பேச்சு தொடங்கியது மழைத்தண்ணீரில். வீட்டு மனைக்கு எந்தப் பக்கம் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, கொடுப்பது என்ற ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலிலிருந்து பாதை, பூங்கா, பழத்தோட்டம், அக்கம்பக்கத்துப் பழக்கம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மனைப்பிரிவு வரைபடம் போடுகிறவர்களுக்கு இதைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை வரிசையாகப் பார்ப்பது பயன்படும்.

இடம், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்திலுள்ள டேவிஸ். காலம், 1970களின் தொடக்கம் முதல் 1982 வரை. திட்டத்தைத் தொடங்கியவர்கள் ஒரு கணவனும் மனைவியும்.

பின்னணி

டேவிஸ் ஒரு பல்கலைக்கழக ஊர். மாநிலத் தலைநகரான சாக்ரமென்டோவுக்கு மேற்கே ஏறக்குறைய 24 கிலோமீட்டர். 1970இல் மக்கள்தொகை சுமார் 23,000. சுற்றிலும் தக்காளி வயல்கள். அமெரிக்காவிலேயே முதன்முதலாகச் சாலையில் சைக்கிளுக்கென்று தனித் தடம் கோடு போட்டுக் கொடுத்த ஊர் என்ற பெயர் 1967இலேயே இதற்குக் கிடைத்துவிட்டது. அதனால் நடப்பதும் மிதிப்பதும் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. ஆனால் ஊரின் ஓரத்தில் முளைத்துக்கொண்டிருந்த புது மனைப்பிரிவுகள் வேறு எந்த அமெரிக்கப் புறநகரையும் போலத்தான் இருந்தன: அகலமான தார்ச்சாலை, இரண்டு கார் நிற்கும் ஷெட், அதன் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் ஆள் உயர மரவேலி.

கணவர் கட்டட வடிவமைப்பு படித்து வீடு கட்டும் தொழிலில் இருந்தவர். மனைவி சூழலியல் படித்தவர். இவர்கள் தங்களைப் போன்ற சில குடும்பங்களைக் கூட்டிவைத்து, சேர்ந்து வாழ ஒரு குடியிருப்பு எப்படி இருக்க வேண்டும் என்று பேசத் தொடங்கினார்கள். அந்தக் கூட்டம் நீடிக்கவில்லை. பேச ஆள் இருந்தது. பணம் போட்டு நிலம் வாங்கும் கட்டம் வந்ததும் குழு கலைந்தது. இப்படித் தொடங்கும் முயற்சிகளில் பாதிக்கு மேல் இந்த இடத்திலேயே நின்றுவிடும் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். இவர்கள் இருவரும் குழுவின் யோசனைகளை எடுத்துக்கொண்டு, தாங்களே மனைப்பிரிவு போடுபவர்களாக மாறினார்கள். மேற்கு டேவிஸில் தக்காளி பயிரிட்டிருந்த சுமார் 60 ஏக்கர் நிலம் கிடைத்தது.

அதற்குள் 1973 அக்டோபரில் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நின்றது. எரிபொருளைச் சிக்கனப்படுத்துவது என்ற பேச்சு ஓரிரு ஆர்வலர்களின் விஷயமாக இருந்த நிலை மாறி, நகர மன்றக் கூட்டத்தில் பேசும் விஷயமாயிற்று. 1975இல் டேவிஸ் நகரமே எரிசக்தியை மிச்சப்படுத்தும் கட்டட விதிகளைக் கொண்டுவந்தது. இந்தச் சூழல் இல்லாமல் போயிருந்தால் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. காலம் கைகொடுத்ததை ஒதுக்கிவிட்டு, எல்லாமே வடிவமைப்பின் வெற்றி என்று எழுதினால் அது முழு உண்மையாகாது.

நிலத்தில் கவனித்தவை

நிலம் சப்பட்டை. டேவிஸே கடல்மட்டத்திலிருந்து சுமார் 15 மீட்டர் உயரத்தில், தட்டுப் போல இருக்கும் சமவெளி. தண்ணீர் தானாக எந்தப் பக்கமும் ஓடிவிடாது. மழை குளிர்காலத்தில் மட்டும், நவம்பரிலிருந்து மார்ச் வரை. மே தொடங்கி அக்டோபர் வரை வானம் வறண்டு கிடக்கும். கோடைப் பகலில் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தொடுவது சாதாரணம். இரவில் மேற்கிலிருந்து கடற்காற்று உள்ளே வந்து ஊரைக் குளிரவைத்துவிடும்.

வெயிலின் கணக்கு இங்கே ரொம்ப முக்கியம். டேவிஸ் வடக்கு அட்சரேகை 38½ டிகிரியில் இருக்கிறது. ஜூன் நண்பகலில் சூரியன் தெற்குப் பக்கம் சுமார் 75 டிகிரி உயரத்தில் நிற்கும். டிசம்பர் நண்பகலில் 28 டிகிரிதான். தெற்குச் சுவரில் 3 அடி நீட்டி ஒரு சன்ஷேடு போட்டால், ஜூனில் அதன் நிழல் 11 அடி கீழே வரை இறங்கிச் சுவர் முழுவதையும் மூடிவிடும். அதே சன்ஷேடு டிசம்பரில் ஒன்றரை அடிக்குத்தான் நிழல் தரும். மீதி வெயில் கண்ணாடி வழியாக வீட்டுக்குள் வந்து தரையைச் சூடாக்கும். ஆக, வீடு தெற்கு பார்த்திருந்தால் போதும். கோடையில் குளிர்ச்சி, குளிரில் சூடு, பாதி வேலை தானாக நடந்துவிடும். இதற்கு வீடுகள் எல்லாம் தெற்கு பார்க்க வேண்டும். அப்படியானால் தெருக்கள் எல்லாம் கிழக்கு மேற்காக ஓட வேண்டும். வீட்டைப் பற்றிய ஒரு முடிவு தெருவின் திசையையே தீர்மானித்துவிடுகிறது.

பக்கத்துப் புது மனைப்பிரிவுகளில் இவர்கள் கவனித்தது இன்னொன்றும் உண்டு. அங்கே குழந்தைகள் விளையாடியது பூங்காவில் அல்ல, தெருவில். பூங்கா இருந்தது, ஆனால் அதை அடைய இரண்டு சாலைகளைத் தாண்ட வேண்டும். வீட்டின் பின்கட்டு வேலிக்குள் அடைபட்டிருந்தது. ஒரு வீட்டுக்கும் அதன் பின்வீட்டுக்கும் இடையே 20 அடிதான் தூரம் என்றாலும், நடந்து போவதென்றால் தெருவைச் சுற்றி அரை மைல்.

முதல் முடிவு: தண்ணீர்

வழக்கமான மனைப்பிரிவில் மனைக்கு வாட்டம் தெருவை நோக்கி. கூரைத்தண்ணீர் முற்றத்தில் விழுந்து, தெருவுக்கு வந்து, ஓரக் கல்லை ஒட்டி ஓடி, இரும்புக் கம்பி மூடிக்குள் இறங்கி, பூமிக்கடியில் குழாயில் போய்விடும். மண் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காது. ஆறு மாதம் வறண்டு கிடக்கும் ஊரில் மழைத்தண்ணீரைக் காசு கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு, கோடையில் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கிப் புல்லுக்குப் பாய்ச்சுவது என்ன கணக்கு என்று இவர்கள் கேட்டார்கள்.

எடுத்த முடிவு இதுதான்: வாட்டத்தைத் திருப்பிவிடு. மனை தெருப்பக்கம் மேடாகவும் பின்பக்கம் தாழ்வாகவும் இருக்கட்டும். இரண்டு வரிசை வீடுகளும் முதுகைக் காட்டி நிற்கும் இடத்தில், இரண்டு பக்கத் தண்ணீரும் வந்து சேர ஆழமில்லாத புல் ஓடை ஒன்று ஓடட்டும். ஓடையில் அங்கங்கே சிறு தடுப்பு. மழை வந்தால் தண்ணீர் ஒரு தடுப்பில் நிற்கும், ஊறும், மிஞ்சியது அடுத்ததற்குப் போகும். அதற்கும் மிஞ்சியது பெரிய ஓடைக்கு. அதிலும் நிரம்பி வழிந்தால்தான் குடியிருப்பின் ஓரத்தில் நகராட்சி வடிகால்.

இதை ‘ஓடை’ என்று சொல்லும்போது நம் மனதில் வரும் ஆழமான வாய்க்காலை நினைக்கக் கூடாது. இது ஒரு சரிவு. குழந்தை உருண்டு விளையாடும் அளவுக்குத்தான் பள்ளம். சில இடங்களில் காட்டாற்றுப் படுகை போலக் கூழாங்கற்களும் பாறைகளும் பரப்பி, ஓரத்தில் செடிகள். மழை இல்லாத மாதங்களில் பார்த்தால் அது வடிகால் என்றே தெரியாது. தோட்டத்தில் ஒரு தாழ்வு என்று தோன்றும்.

அளவை உணர ஒரு கணக்கு: 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை விழுந்தால் சுமார் 2,360 லிட்டர். 60 ஏக்கர் முழுவதிலும் ஓர் அங்குலம் என்றால் ஏறக்குறைய 62 லட்சம் லிட்டர். இத்தனையையும் குழாயில் இழுக்க வேண்டுமானால் குழாயின் விட்டம், தோண்டும் ஆழம், மூடிகளின் எண்ணிக்கை எல்லாம் ஏறும். சப்பட்டை நிலத்தில் குழாய்க்கு வாட்டம் கொடுக்கவே ஒரு முனையில் ஆழமாகத் தோண்ட வேண்டிவரும். செலவு அங்கேதான்.

குழாய் வேலையைத் தவிர்த்ததில் வீட்டுக்கு சுமார் 800 டாலர் மிச்சமானது என்பது இந்தத் திட்டத்தைப் பற்றிப் பல இடங்களில் பதிவான கணக்கு. அந்தக் காலத்துப் பணத்தில் இது சின்னத் தொகை அல்ல. மிச்சத்தை இவர்கள் லாபத்தில் சேர்க்காமல் பாதைகளுக்கும் மரம் செடிகளுக்கும் போட்டார்கள். நடைபாதையும் பூங்காவும் இங்கே கூடுதல் செலவாக வரவில்லை. குழாய்க்குப் போக வேண்டிய காசு தரைக்கு மேலே வந்தது, அவ்வளவுதான்.

இந்த முடிவின் இன்னொரு விளைவைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். பின்பக்கம் ஓடை ஓடினால், அங்கே குறுக்கே வேலி போட முடியாது. வேலி போட்டால் தண்ணீர் நிற்கும். ஆகவே பின்வெளி தானாகவே பொதுவெளியாயிற்று. ‘அயலாரோடு சேர்ந்து வாழுங்கள்’ என்று யாரும் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை. தண்ணீருக்காகத் திறந்துவிட்ட இடத்தில் ஒரு பாதையும் போட்டார்கள், ஆட்கள் நடந்தார்கள்.

தெரு

தெருக்கள் எல்லாம் கிழக்கு மேற்காக, நீளமான முட்டுச்சந்துகள். அகலம் சுமார் 20 முதல் 26 அடி வரை. வழக்கமான அமெரிக்கப் புறநகர்த் தெரு இதைவிட வெகு அகலம். 36 அடி என்று வைத்துக்கொண்டாலும், 24 அடித் தெருவில் ஒவ்வொரு 100 அடி நீளத்துக்கும் 1,200 சதுர அடி தார் மிச்சம். கார்களைத் தெருவோரத்தில் நீளவாக்கில் நிறுத்த இடமில்லை. அதற்கெனத் தெருவிலிருந்து ஒதுங்கிய இடங்கள் ஒதுக்கப்பட்டன.

தார் குறைந்தால் சூடு குறையும். அதோடு, தெரு குறுகலாக இருந்தால் இருபக்க மரங்களும் சில ஆண்டுகளில் மேலே கைகோத்துவிடும். 40 அடித் தெருவில் அந்த நிழல் வர ஒரு தலைமுறை ஆகும், வராமலும் போகும். கோடையில் இந்தத் தெருக்களின் காற்று, மரமில்லாத அகலத் தெருக்களைவிடக் கணிசமாகக் குளிர்ச்சியாக இருப்பதாகச் சொல்லப்படுவதற்குக் காரணம் இந்த இரண்டும்தான்.

முட்டுச்சந்து என்றால் திட்டமிடுபவர்கள் முகம் சுளிப்பார்கள். நடப்பவரைச் சுற்றவைக்கும் அமைப்பு அது என்பது அவர்கள் வாதம்; பெரும்பாலான இடங்களில் சரியான வாதம். இங்கே முட்டுவது காருக்கு மட்டும். தெரு முடியும் இடத்தில் பாதை தொடர்ந்து பசுமைவெளிக்குள் போகிறது. காரில் போனால் சுற்று. நடந்தோ சைக்கிளிலோ போனால் நேர்வழி. நான் பார்த்தவரை, ‘நடக்க வசதியான’ என்று விளம்பரப்படுத்தும் பல திட்டங்களில் இந்த ஒரு சோதனையை வைத்தாலே போதும்: ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் காரில் போகும் தூரத்தையும் நடந்து போகும் தூரத்தையும் வரைபடத்தில் நூல் வைத்து அளந்து பார்க்க வேண்டும்.

யோசனை முழுக்கப் புதியதல்ல. 1929இல் நியூ ஜெர்சியில் ராட்பர்ன் என்ற குடியிருப்பில் காருக்கு ஒரு வழி, காலுக்கு ஒரு வழி என்று பிரித்துக் கட்டினார்கள். அங்கேயும் முட்டுச்சந்து, நடுவில் பூங்கா. பெரும் பொருளாதாரச் சரிவு வந்து அது பாதியில் நின்றது. டேவிஸ்காரர்கள் அதோடு தண்ணீரையும் வெயிலையும் சேர்த்துக்கொண்டார்கள்.

எட்டு வீட்டுக்கு ஒரு வெளி

மனைகள் சிறியவை, சராசரி சுமார் 4,000 சதுர அடி. அப்போதைய புறநகர் வழக்கத்துக்கு இது குறைவு. மிச்சமான நிலம் பொதுவுக்குப் போயிற்று: ஏறக்குறைய 12 ஏக்கர் பசுமைவெளி, இன்னொரு 12 ஏக்கர் தோட்டமும் பயிர்நிலமும். தனி வீடுகள் சுமார் 225, அடுக்கு வீடுகள் 20. வீடுகளும் ஒரே அளவில் இல்லை. சுமார் 600 சதுர அடியிலிருந்து அதைப்போல நான்கு மடங்கு வரைக்கும் கலந்து கட்டினார்கள்.

எட்டு வீட்டுக்கு ஒரு பொதுவெளி என்று பிரித்ததில் நல்ல கணக்கு இருந்தது. நூறு வீட்டுக்கு ஒரு பூங்கா என்றால் அது ‘சங்கத்துப் பூங்கா’. புல் வெட்டவில்லை என்று குடியிருப்போர் சங்கத்திடம் புகார் போகும். எட்டு வீடு என்றால் யார் தண்ணீர் ஊற்றினார், யார் ஊற்றவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அந்தந்த எட்டு வீட்டாரே தங்கள் வெளியில் என்ன வைப்பது என்று முடிவெடுக்கும்படி விட்டு, அதற்கு ஒரு தொகையும் ஒதுக்கினார்கள். ஓரிடத்தில் காய்கறிப் பாத்தி, ஓரிடத்தில் மணல்தொட்டி, ஓரிடத்தில் பழமரங்கள். பார்வைக்கு ஒரே சீராக இருக்காது. விளம்பரப் படத்துக்கு அது குறைதான்.

தனிமை வேண்டாமா? வேண்டும். அதைத் தெருப்பக்கம் வைத்தார்கள். வேலி போட்ட சிறு முற்றம் தெருவைப் பார்த்து, திறந்த பக்கம் பொதுவெளியைப் பார்த்து. தெருவின் வடபக்க வீடுகளுக்குத் தெற்கு வெயில் அந்த முற்றத்தில் விழும். தென்பக்க வீடுகளுக்குப் பொதுவெளிப் பக்கத்தில். பக்கத்து வீட்டுக்காரர் மரமோ கூரையோ எழுப்பி உங்கள் வெயிலை மறைக்கக் கூடாது என்பதும் மனை விற்கும் பத்திரத்திலேயே நிபந்தனையாக வந்தது.

நடவுக்கு அழகுச் செடிகளுக்குப் பதில் பெரும்பாலும் உண்ணும் பழங்களைத் தரும் மரங்கள். பாதாம் தோப்பு ஒன்று, திராட்சை, அத்தி, மாதுளை, பிளம். பாதையோரத்துப் பழத்தைக் குடியிருப்பவர்கள் பறித்துக்கொள்ளலாம். பாதாம் பொதுச் சொத்து, சேர்ந்து அறுவடை.

ஒப்புதலும் கடனும்

திட்டத்தை நகர அலுவலகங்களில் கொண்டுபோய் வைத்தபோது ஏறக்குறைய ஒவ்வொரு துறையும் ஏதாவது ஒன்றை மறுத்தது. தீயணைப்புத் துறைக்குத் தெரு போதவில்லை. காவல் துறைக்கு முட்டுச்சந்தில் ரோந்து போவது சிரமம். பொறியாளர்களுக்கோ தண்ணீர் குழாயில்தான் போக வேண்டும்; திறந்த ஓடை வேலைசெய்யாது, எலியும் பூச்சியும் சேரும் என்றார்கள். வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் தரும் கூட்டரசு அமைப்பு, குடியிருப்புக்குள் விவசாயம் இருந்தால் வீட்டு மதிப்பு இறங்கும் என்றது.

இவர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எதிர்கொண்டார்கள். தீயணைப்பு வண்டிக்காகத் தெருவின் இரு ஓரமும் தடையில்லாமல் விடப்பட்டது. வடிகாலுக்கு ஒரு பிணை எழுதிக்கொடுத்தார்கள்: ஓடை தோற்றால், வழக்கமான குழாய் வடிகால் போடும் செலவு அந்தப் பிணையிலிருந்து வரும். இந்த ஏற்பாடு இருதரப்புக்கும் நியாயமானது. பொறியாளர் தன் பெயரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. வடிவமைப்பாளர் தன் நம்பிக்கைக்குத் தானே விலை கொடுக்கிறார். ‘விதியில் இல்லை’ என்ற பதிலுக்கு எதிராக வாதாடிக்கொண்டிருப்பதைவிட, ‘தவறினால் யார் செலவு’ என்ற கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுவது மேல்.

சில விஷயங்களில் விட்டுக்கொடுக்க இவர்கள் தயாராக இல்லை. தெருவை அகலப்படுத்தினால் பொதுவெளி சுருங்கும். ஓடையைக் குழாயாக்கினால் காசும் போய், பின்வேலி திரும்ப வரும். ஒன்றை உருவினால் மற்றவை சரியும் என்பதால், ‘இதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்களேன்’ என்ற சமரசம் பெரும்பாலும் எடுபடவில்லை.

கடன் இன்னொரு தலைவலி. வங்கி வங்கியாக ஏறி இறங்கினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இதுபோன்ற இன்னொரு குடியிருப்பு இல்லை என்பதே மறுப்புக்குப் போதுமான காரணமாக இருந்தது. கடைசியில் கடன் கிடைத்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கட்டாமல் கட்டம் கட்டமாகக் கட்டியதால்தான் தாங்க முடிந்தது.

கட்டுமானமும் மழையும்

1975இல் வேலை தொடங்கி 1982வாக்கில் முடிந்தது. கூரைகளில் வெயிலில் தண்ணீர் சூடாக்கும் தகடுகள் ஏறின. கட்டடத் தொழிலாளர்களில் குறைந்த வருமானக்காரர்கள் சிலர் தங்கள் உழைப்பைப் போட்டு அங்கேயே சொந்த வீடு கட்டிக்கொள்ளவும் வழி செய்தார்கள். சமூகக் கூடம், நீச்சல்குளம், சில அலுவலக அறைகள், ஓர் உணவகம் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தன.

பெருமழை ஒன்று வந்தது, நூறாண்டுக்கு ஒருமுறை என்று பொறியாளர்கள் வகைப்படுத்தும் அளவு. சுற்றியிருந்த மனைப்பிரிவுகளில் குழாய்கள் நிரம்பித் தண்ணீர் தெருவுக்கு ஏறியது. இங்கே ஓடைகள் தங்கள் தண்ணீரைத் தாங்கியதோடு, அக்கம்பக்கத்திலிருந்து வழிந்து வந்ததையும் வாங்கிக்கொண்டன. பிணையைத் தொடும் நிலை வரவில்லை.

குடியேறிய பின்

1990வாக்கில் நடந்த ஓர் ஆய்வு, இங்கே குடியிருப்பவர்களையும் பக்கத்து வழக்கமான மனைப்பிரிவில் இருப்பவர்களையும் ஒப்பிட்டது. இங்குள்ளவர்களுக்குச் சராசரியாக 40க்கும் மேற்பட்ட அயலாரைத் தெரிந்திருந்தது. அங்கே 17 பேரை. இதை அப்படியே வடிவமைப்பின் கணக்கில் எழுதிவிட எனக்குத் தயக்கம் உண்டு. இப்படிப்பட்ட இடத்தைத் தேடி வருபவர்கள் ஏற்கெனவே பழகும் குணம் உள்ளவர்களாக இருப்பார்கள். ஆனாலும், பாதை வீட்டின் பின்வாசலை ஒட்டிப் போனால், தினமும் நாலு முகத்தைப் பார்க்காமல் குப்பை கொட்டக்கூடப் போக முடியாது என்பதும் உண்மை.

மின்சாரம், எரிவாயுச் செலவு வழக்கமான வீடுகளைவிடக் கணிசமாகக் குறைந்தது. 1984இல் பிரான்ஸ் அதிபர் ஃபிரான்சுவா மித்தெரான் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். வடிவமைத்த கணவர் பின்னாளில் அதே நகரத்தின் மேயராகவும் ஆனார். ஒரு காலத்தில் தன் வரைபடத்தை மறுத்த அலுவலகங்களுக்கு மேலே.

சரி, இவ்வளவு வெற்றி பெற்றதை எல்லோரும் பின்பற்றியிருக்க வேண்டுமே? அது நடக்கவில்லை. டேவிஸின் பிற்கால மனைப்பிரிவுகளில் பசுமைப் பட்டைகளும் சைக்கிள் பாதைகளும் வந்தன. குறுகிய தெரு, திறந்த ஓடை, பொதுப் பின்வெளி, தோட்டம் ஆகிய நான்கும் சேர்ந்த முழு அமைப்பு பெரிய அளவில் மறுபடி கட்டப்படவில்லை. ஒவ்வொரு அனுமதிக்கும் தனியாகப் போராடும் பொறுமை ஒரு கணவன் மனைவிக்கு இருக்கலாம். ஆண்டுக்குப் பத்து மனைப்பிரிவு போடும் நிறுவனத்துக்கு அது நஷ்டக் கணக்கு. இங்கே வென்ற வடிவம் ஊரின் பொது விதியாக மாறியிருந்தால்தான் அடுத்தவர் அதைத் தொட்டிருப்பார்.

மாற்ற வேண்டியவை

முதலில் தெருப்பக்கம். தனிமையை முற்றத்தில் வைத்ததன் விலை, தெருவில் நடந்தால் இருபுறமும் வேலிதான். உயிர்ப்பெல்லாம் பின்னால். முதன்முறை வரும் விருந்தாளிக்கு வீட்டின் முன்வாசல் எது, பின்வாசல் எது என்றே குழப்பம். ராட்பர்னிலும் இதே குறை. வேலியின் உயரத்தைக் குறைத்து, தெருவைப் பார்க்க ஒரு திண்ணை அளவு இடமாவது விடும்படி பத்திர நிபந்தனையில் சேர்த்திருக்கலாம்.

இரண்டாவது, மரமும் சூரியத் தகடும். நிழலுக்காக நட்ட மரம் வளர்ந்து கூரைத் தகட்டுக்கு வரும் வெயிலையே மறைக்கும். இரண்டும் இதே திட்டத்தின் பிள்ளைகள். எந்த மனையின் எந்த எல்லையில் எவ்வளவு உயரம் வளரும் மரம் என்பதை நடும் நாளிலேயே வரைபடத்தில் குறித்திருக்க வேண்டும். இலையுதிர்க்கும் மரம் என்றாலும் குளிரில் கிளைகள் கொஞ்சம் வெயிலைத் தின்னத்தான் செய்யும்.

மூன்றாவது, பராமரிப்பு. புல் ஓடை ஒருமுறை கட்டி மறந்துவிடும் பொருள் அல்ல. இலை அடைத்தால் எடுக்க வேண்டும், தடுப்பு சரிந்தால் கட்ட வேண்டும், புது வீட்டுக்காரர் தெரியாமல் மண் கொட்டி மேடாக்கினால் சொல்ல வேண்டும். பழமரத்துக்கும் அப்படியே, பறிக்க எல்லோரும் வருவார்கள், கவாத்துக்கு ஆள் தேட வேண்டும். சங்கத்துக்குச் சொந்தமாக வாடகை வரும் கட்டடங்கள் இருந்தது இந்தச் செலவுக்குப் பெரிய துணை. இதைப் பார்த்துச் செய்ய நினைப்பவர்கள் ஓடையின் படத்தை எடுத்துக்கொண்டு இந்த வாடகை ஏற்பாட்டை விட்டுவிடுவார்கள் என்பது என் பயம்.

கடைசியாக விலை. சிறிய வீடும் பெரிய வீடும், தொழிலாளியும் பேராசிரியரும் ஒரே பாதையில் நடக்க வேண்டும் என்றுதான் அளவுகளைக் கலந்து கட்டினார்கள். நிழலும் தோப்பும் வளர வளர இங்கே வீட்டு விலை பக்கத்து மனைப்பிரிவுகளைத் தாண்டி ஏறியது. முதல் விற்பனைக்குப் பிறகு விலையைக் கட்டுப்படுத்த எந்த நிபந்தனையும் எழுதிவைக்கப்படவில்லை. பக்கத்து வீட்டான் வெயிலை மறைக்கக் கூடாது என்று பத்திரத்தில் எழுதத் தெரிந்த இடத்தில், 600 சதுர அடி வீடு மறுவிற்பனையிலும் அதே வருமானக்காரர் கைக்கே போக வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்த்திருக்க முடியும். சொந்த உழைப்பில் அங்கே வீடு கட்டிய தொழிலாளியின் நிலையில் இன்று இருக்கும் ஒருவரால் அந்தத் தெருவில் மனை விசாரிக்கக்கூட முடியாது.